பத்தியத்தோடு சம்பந்தி வீட்டுக்கு

1

நேற்று எங்கள் சோதனைக்கூடத்தில் ஒரு பெண்ணுக்குப் பிறந்தநாள். கேக்கைத் துண்டு போட்டுக் காகிதத் தட்டில் வைத்து ஒவ்வொருவரிடமும் நீட்டிக்கொண்டு வந்தாள். வேண்டாம், வயிறு சரியில்லை என்றேன். "ஓ, சரி" என்று தட்டை அடுத்த மேசைக்குக் கொண்டுபோய்விட்டாள். அவ்வளவுதான். என்ன வயிறு, எத்தனை நாளாக என்று யாரும் கேட்கவில்லை. ஒரே ஒரு வாய் வையுங்கள் என்று கையைப் பிடித்து இழுக்கவில்லை. என் டப்பாவில் வெறும் சோறும் அவித்த கேரட்டும் இருப்பதை எட்டிப் பார்த்து உச்சுக்கொட்டவும் ஆளில்லை.

பிரான்சுக்கு வந்த புதிதில் இப்படி யாரும் எதையும் கேட்காமல் இருப்பதைப் பார்த்து எனக்கு அழுகை வந்திருக்கிறது. நேற்று அது நிம்மதியாக இருந்தது. சாப்பிட மாட்டேன் என்று ஒருவன் சொல்வதால் இங்கே யார் கல்யாணமும் நின்றுபோகாது.

எங்கள் ஊரில் நிற்கும். போன ஆவணியில் என் தங்கை கல்யாணம் அப்படி நிற்கப் பார்த்தது. அதை எழுதி வைக்கத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பாகூர் பக்கம் குருவிநத்தத்துக்காரன். புதுச்சேரி ஆள் பிரான்சில் இருக்கிறான் என்றால் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா குடும்பம், பரம்பரையாகப் பிரெஞ்சுக் குடியுரிமை, பென்ஷன் என்றெல்லாம் நினைப்பார்கள். அதெல்லாம் டவுன்காரர்களுக்கு. என் அப்பா கரும்பு வெட்டக் கூலிக்குப் போய், பிறகு குத்தகைக்கு நிலம் பிடித்துப் பயிர் வைத்தவர். எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். மேல்படிப்புக்கு வந்து, படித்த ஊரிலேயே வேலை கிடைத்து, தங்கும் அட்டையைப் புதுப்பிக்கும் அலுவலக வாசலில் குளிரில் வரிசை கட்டி நிற்கும் ரகம்.

2

வயிற்றுக்குத் தமிழில் எத்தனை சொற்கள் இருக்கின்றன என்று பிரெஞ்சு டாக்டர் முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. பொருமல், உப்புசம், புரட்டல், எரிச்சல், பிசைவது, இரைச்சல், சுருக்கென்று பிடிப்பது. இத்தனையும் எனக்கு இருந்தன. பிரெஞ்சில் எனக்குத் தெரிந்தது வயிற்று வலி என்ற ஒரே சொல். அதையே ஏழெட்டு விதமான முகத்தோடு திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார்.

அந்த டாக்டரைப் பிடிப்பதே பெரிய பாடு. இங்கே ஒவ்வொருவருக்கும் குடும்ப டாக்டர் என்று ஒருவர் இருக்க வேண்டும். ஆனால் எந்த டாக்டரும் புதிய நோயாளியைச் சேர்த்துக்கொள்வதில்லை. டாக்டர் இல்லாமல் சிறப்பு மருத்துவரிடம் போக முடியாது. இதற்குள் கால்சட்டை இடுப்பில் நிற்காத அளவுக்கு இளைத்துப்போனேன். ஒரு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மயக்கம் பாதி தெளிந்த நிலையில் டாக்டர் கட்டில் பக்கத்தில் வந்து ஏதோ சொன்னார். அதில் 'கெட்டது' என்று பொருள்படும் சொல் மட்டும் என் காதில் விழுந்தது. நான் புரிந்துகொண்டவனைப் போலத் தலையை ஆட்டினேன். இங்கே வந்த நாளிலிருந்து புரியாததற்கெல்லாம் தலையாட்டியே பழகியவன். கெட்டதாக ஒன்றும் இல்லை என்றுதான் அவர் சொன்னார் என்று பிற்பாடு அவர் அனுப்பிய கடிதத்தைப் படித்துத் தெரிந்துகொண்டேன். ஆனாலும் முதலில் கேட்டது உள்ளே இறங்கிவிட்டது. அது கடிதத்தைப் பார்த்துக் கிளம்பிப் போகிற சாமான் இல்லை.

காரணம், என் சித்தப்பா. அப்பாவின் தம்பி. அவருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஏப்பம், பொருமல், அப்புறம் சட்டை தொளதொளவென்று ஆனது. வாயுத் தொந்தரவு என்று பாகூரில் மாத்திரை வாங்கி விழுங்கிக்கொண்டே கரும்பு வெட்டப் போனார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது அவர்கள் அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். திரும்பி வந்த அப்பாவின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

டாக்டர் என்னை ஒரு உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். என் வயதுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. சந்தேகப்படும் பொருள்களை எல்லாம் முதலில் ஒரேயடியாக நிறுத்த வேண்டும். கோதுமை, பால், வெங்காயம், பூண்டு, பயறு பருப்பு வகைகள், சில பழங்கள். குடல் அமைதியான பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது வம்பு பண்ணுகிறது என்று பார்க்க வேண்டும். நிறுத்திய இரண்டாவது வாரமே வலி அடங்கிவிட்டது. நான் அவளைக் கையெடுத்துக் கும்பிடாத குறை.

ஊருக்குக் கிளம்பும் முன் அவள் ஒன்று சொன்னாள். "இதே மாதிரி சாப்பிடுங்கள். எல்லாவற்றையும் நிறுத்திய பிறகும் வலி திரும்ப வந்தால் உடனே எனக்குத் தெரிவியுங்கள். அப்படியானால் வேறு எதையாவது தேட வேண்டியிருக்கும்."

வேறு எதையாவது. விமானம் முழுக்க அந்தச் சொல் என் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வந்தது.

3

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் தோள்பட்டையைத் தடவிப் பார்த்தாள். நான் எடுத்துச் சொன்னேன். குடல், அதன் உள்பக்கம், நீக்குவது, சேர்ப்பது என்று எனக்குத் தெரிந்த அறிவியலை எல்லாம் விளக்கினேன். அம்மா பாதியிலேயே நிறுத்தினாள்.

"பத்தியம்னு சொல்லேன்டா. இதுக்கா இம்மா நேரம் வழவழன்னு."

"பத்தியம்தாம்மா."

"அதான் தெரியும்ல எனக்கு. நாளைலேர்ந்து நான் பாத்துக்கறேன், போ."

தங்கை சங்கீதா அறைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். "பத்தியம் புள்ள பெத்தவ இல்ல இருப்பா. நீ எப்பண்ணா பெத்த? சொல்லவே இல்ல."

அவளுக்குக் கரையாம்புத்தூரில் மாப்பிள்ளை முடிவாகியிருந்தது. மணிகண்டன் என்று பெயர். கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். அப்பா இல்லாத பிள்ளை. அவன் பெரியப்பா ஏழுமலைதான் அந்த வீட்டில் பெரிய தலை. பூ வைத்து நாளும் குறித்துவிட்டார்கள். ஒரே ஒரு குறை, பெண்ணின் அண்ணன் இன்னும் அந்த வீட்டில் கை நனைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் சம்பந்தம் முடிவாகும் வரை அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். முடிவான பிறகு போய் உட்கார்ந்து சாப்பிட்டே ஆக வேண்டும். இலையில் கை வைத்தால் சம்மதம். வைக்காமல் எழுந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அம்மா சொன்னபடியே பார்த்துக்கொண்டாள். வெங்காயம் இல்லாத மீன் குழம்பு, பூண்டு போடாத ரசம், அதிலும் பருப்புத் தண்ணீர் கிடையாது. சுரைக்காய், புடலங்காய், முட்டை. எனக்காகத் தனியாகச் சமைத்தால் எனக்கு மனசு வருத்தமாக இருக்கும் என்று அப்பா ஒரு உத்தரவு போட்டார். "அவன் துன்றதையே எல்லாரும் துன்னுவோம். இன்னா இப்ப?" காலையில் மட்டும் இட்லி. அதுவும் துணி போட்டு அவித்தது, பஞ்சு மாதிரி. எங்கள் ஊரில் காய்ச்சல், வாந்தி, பேதி, கால் முறிவு எதற்குப் போனாலும் டாக்டர் ஊசி போட்டுவிட்டுச் சொல்கிற ஒரே வாக்கியம், இட்லி இடியாப்பம் மட்டும் குடுங்க என்பதுதான். நோயாளிக்கு இட்லி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? நான் நான்கு, சில நாள் ஐந்து என்று சாப்பிட்டேன். பிரான்சில் மாவு அரைக்க வழியில்லாமல் ஏங்கிக் கிடந்தவன்.

4

கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கக் கொடுத்ததை வாங்கி வர அப்பாவோடு பாகூருக்குப் போயிருந்தேன். கடைவீதியில் நடந்துகொண்டிருக்கும்போதே வயிறு பிசைய ஆரம்பித்தது. பிறகு முறுக்கியது. கண் இருட்டி, ஒரு பாத்திரக் கடை வாசலில் அப்படியே குந்திவிட்டேன். கடைக்கார பாய் ஓடி வந்து ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, சோடா உடைத்து முகத்தில் அடித்தார்.

"இன்னா தம்பி, காலைல சாப்புடலயா?"

"சாப்ட்டேன் பாய்."

"பின்ன ஏன் இப்படிச் சுருண்டுக்கினீங்க? ஒடம்பப் பாருங்க, கல்யாண வேலை கெடக்குது."

எனக்கு வலியைவிட அந்தச் சொல்தான் முன்னால் வந்து நின்றது. வேறு எதையாவது தேட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறேன். ஒரு துளி வெங்காயம் கிடையாது, பால் கிடையாது, பருப்பு கிடையாது. ஆனாலும் வந்துவிட்டது. அப்படியானால் சாப்பாடு காரணமில்லை. அப்படியானால் சித்தப்பா.

அங்கேயே உட்கார்ந்து ஆலோசகருக்குச் செய்தி அனுப்பினேன். உடனே பதில் வந்தது. தானாகவே வருகிற பதில். விடுமுறையில் இருப்பதாகவும், மாதக் கடைசியில் திரும்புவதாகவும், அவசரம் என்றால் உங்கள் குடும்ப டாக்டரைப் பாருங்கள் என்றும் சொன்னது. குடும்ப டாக்டரும் விடுமுறையில். ஆகஸ்டில் அந்த நாடே பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடும். என் வயிற்றுக்கு மட்டும் விடுமுறை இல்லை.

அடுத்த நாளும் வலி வந்தது. அதற்கடுத்த நாளும். நான் சோற்றைக் குறைத்து இட்லியைக் கூட்டினேன். தாங்கும் என்று.

இதற்குள் நான் பாகூரில் விழுந்தது கரையாம்புத்தூர் வரைக்கும் போய்விட்டது. விருந்துக்குக் கூப்பிட ஏழுமலை போன் செய்தபோது கூடவே கேட்டார்: "தம்பிக்கு ஒடம்பு ஏதோ சரியில்லன்னாங்களே?"

"பயணக் களைப்புங்க" என்றார் அப்பா. போனை வைத்த பிறகும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஒரு வாய் வச்சிட்டு எழுந்துடு சாமி" என்றாள் அம்மா. "ஒரே வாய். பேருக்கு."

"ஒரு வாய் வச்சா அவங்க ஒம்பது வாய் வைப்பாங்கம்மா. அங்க சுருண்டு வுழுந்தா?"

அப்பாதான் வழி கண்டுபிடித்தார். "வெரதம்னு சொல்லிடுவோம். சாமி பேரச் சொன்னா எவனும் வற்புறுத்த மாட்டான்." போன் பண்ணிச் சொல்லியும் விட்டார்.

சங்கீதா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"கல்யாணம் நின்னா நிக்கட்டும், நீ ஒடம்பப் பாருன்னு சொல்லுவேன்னு பாக்கறியாண்ணா? சொல்ல மாட்டேன். எனக்கு அவர ரொம்ப புடிச்சிருக்கு. எனக்கு இது நடக்கணும்."

5

குருவிநத்தத்திலிருந்து கரையாம்புத்தூருக்கு வேனில் போனால் நடுவில் தமிழ்நாடு வரும், போகும், மறுபடி புதுச்சேரி வரும். ஒவ்வொரு எல்லைக்கும் என் வயிறு ஒரு சத்தம் போட்டது. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

வாசலில் மணிகண்டனின் அம்மா தனலட்சுமி அத்தை நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. "வெரதம்னு கேட்டதும் வூட்டயே கழுவி வுட்டுட்டோம் தம்பி. கறிச் சட்டிய வெளியில வச்சாச்சு. ஒரு பல்லு பூண்டு இல்ல, ஒரு வெங்காயம் இல்ல. வாங்க, வாங்க."

கூடத்தில் பாய் போட்டு இலை விரித்திருந்தார்கள். உட்கார்ந்து இலையைப் பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. விரதச் சாப்பாடு. முதலில் பருப்பும் நெய்யும். அடுத்து சாம்பார். கடலைப்பருப்புப் போட்ட கூட்டு. பால் பாயசம். வாழைக்காய் வறுவல். அப்பளம். நடுவில் ராஜா மாதிரி இரண்டு உளுந்துவடை. கறி விருந்தாக இருந்திருந்தால் ஒரு துண்டைச் சோற்றோடு மென்று ஒப்பேற்றியிருப்பேன். நாங்கள் சொன்ன பொய், நான் தொடக்கூடாததை எல்லாம் பொறுக்கி எடுத்து என் முன்னாலேயே பரப்பி வைத்துவிட்டது.

ஏழுமலை எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். "எந்த சாமிக்கு வெரதம் தம்பி?"

"பெருமாளுக்கு" என்றேன் நான்.

"முருகனுக்கு" என்றார் அப்பா, அதே நேரத்தில்.

கூடத்தில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஏழுமலை மீசையைத் தடவினார். "மாமனுக்கும் மருமவனுக்கும் சேத்தா? நல்லதுதான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அந்தக் குனிந்த தலையைப் பார்க்க முடியவில்லை. இனி ஒரு பொய் சொன்னால் அதைத் தாங்க இன்னொன்று வேண்டியிருக்கும். அதற்கு என்னிடம் தெம்பில்லை.

"மாமா, வெரதம் இல்ல. நாங்க பொய் சொல்லிட்டோம். எனக்கு வயித்துல கோளாறு. அங்க டாக்டருங்க பத்தியம் வச்சிருக்காங்க. இதுல பாதி நான் சாப்புடக் கூடாது."

"இன்னா கோளாறு?"

"பேரு இன்னும் தெரியல மாமா. பாத்துக்கினு இருக்காங்க."

"பேரு தெரியாத நோவா?" அவர் குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "உங்க சித்தப்பன்கூட வயித்து நோவுலதான போனாரு? ரத்தத்துல ஓடற சமாச்சாரம்னா முன்னாடியே சொல்லியிருக்கணும். நாளைக்கு எங்க வூட்டுக்கு வர்ற பொண்ணு."

"பெரியப்பா, சாப்புடற எடத்துல இதெல்லாம் எதுக்கு" என்றான் மணிகண்டன்.

"சாப்புடற எடம்னுதான்டா கேக்கறேன். அவுரு சாப்புடலயே."

அத்தைதான் குறுக்கே வந்தார். கூடையில் அப்பளத்தோடு நின்றவர் கீழே வைத்துவிட்டுக் குனிந்தார். "அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். எது ஆவாது சொல்லு தம்பி, எடுத்துடறேன்."

நான் ஒவ்வொன்றாகச் சுட்டினேன். பருப்பு. சாம்பார். கூட்டு. பாயசம். அத்தை எடுக்க எடுக்க இலை பச்சையாகத் தெரிந்தது. வடையைக் காட்டியபோது ஏழுமலையால் தாங்க முடியவில்லை.

"வடையுமா? உளுந்து இன்னாய்யா பண்ணுச்சு உன்ன? அப்ப இட்லியும் வேணாம், தோசையும் வேணாம். வெளிநாட்டுல இன்னா, காத்தையா துன்னுகினு கெடக்கறீங்க?"

கூடமே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. இலையில் சுட்டிக்கொண்டிருந்த விரல் அப்படியே நின்றுவிட்டது. மெல்லத் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

"அம்மா... இட்லி."

"அது நோயாளி ஆகாரம்டா" என்றாள் அம்மா, முணுமுணுப்பாக. பிறகு அவளுக்கும் உறைத்தது. வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

பருப்பு என்றால் எங்களுக்குத் துவரம்பருப்பு. மிஞ்சினால் கடலைப்பருப்பு. வடையாகக் கண்ணில் பட்டால்தான் உளுந்து ஞாபகம் வரும்; மற்றபடி அதை யார் பருப்பில் சேர்த்தார்கள்? இட்லியில் அது இருக்கிறது என்பதையே நாங்கள் ஒரு பேச்சாக நினைப்பதில்லை. தினம் காலையில் நான்கும் ஐந்துமாக, பத்தியம் என்று நம்பி, நான் அதைத்தான் தின்றிருக்கிறேன். அப்படியானால் வேறு எதையும் தேட வேண்டாம். சித்தப்பா இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் நிறுத்திய பிறகு நான் தனியாகச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்கு. புத்தி பிசகியவனைப் பார்ப்பதுபோல அந்தக் கூடம் என்னைப் பார்த்தது.

மிச்சம் இருந்தது சோறும் வாழைக்காய் வறுவலும் கொஞ்சம் நெய்யும்; பால் ஆகாவிட்டாலும் நெய் ஆகும் என்று ஆலோசகர் சொல்லியிருந்தாள். பிசைந்து சாப்பிட்டேன். இரண்டாவது முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். கை நனைந்தது. அத்தை பக்கத்திலேயே நின்று போட்டார். ஆனால் நான் எழுந்து கை கழுவிவிட்டு வந்தபோது எதிரே நாற்காலி காலியாக இருந்தது. ஏழுமலை மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய்விட்டார். நாங்கள் கிளம்பும்போது வெற்றிலைத் தட்டை எடுத்துக் கொடுத்தது அத்தை. பெரியவர் வரவில்லை.

வேன் கொஞ்ச தூரம் போனதும் அம்மா அழ ஆரம்பித்தாள். "அவுரு கையால தட்டு தரலயே. பாத்தீங்களா? தரலயே."

6

இட்லியை நிறுத்தியதும் என் வயிறு அடங்கியது. அதை வாய்விட்டுச் சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. வீட்டில் ஒவ்வொருவரும் போன் அடிக்கும்போதெல்லாம் திடுக்கிட்டார்கள். பந்தல்காரன், மேளக்காரன், உறவுக்காரர்கள் எல்லாரும் அழைத்தார்கள். கரையாம்புத்தூரிலிருந்து மட்டும் ஒரு பேச்சில்லை. மணிகண்டன்கூட சங்கீதாவுக்குச் சுருக்கமாகத்தான் செய்தி அனுப்பினான். "பெரியப்பா இன்னும் பேசல" என்று ஒருமுறை. அதைப் படித்துவிட்டு அவள் அன்று முழுக்க வாசல் பக்கம் வரவில்லை.

ஒரு மதியம், நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம், வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இறங்கியது தனலட்சுமி அத்தை. கூடவே ஏழுமலையின் மனைவி. சொல்லிவிட்டு வரவில்லை. அம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வீட்டில் இருந்தது என் பத்தியச் சாப்பாடு. சோறு, வெங்காயம் போடாத மீன் குழம்பு, சுரைக்காய்.

"கோழி அடிச்சிடறேன், செத்த உக்காருங்க" என்றாள் அம்மா.

"அதெல்லாம் வேணாம். இருக்கறதப் போடுங்க" என்றார் ஏழுமலையின் மனைவி. உட்கார்ந்தார். பிறகு பரிமாற வந்த சங்கீதாவைப் பார்த்தார். "நீ ஏம்மா நிக்கற? எங்களோட உக்காந்து சாப்புடு."

கல்யாணப் பெண் பரிமாறுவதுதான் வழக்கம். அவளை உட்கார வைத்தது எதற்கு என்று எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. சங்கீதாவுக்கும் புரிந்தது. ஒரு நொடி என்னைப் பார்த்தாள். பிறகு தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அந்தச் சாப்பாட்டைப் போல ஒன்றை நான் பார்த்ததில்லை. ஏழுமலையின் மனைவி தன் தட்டில் மெதுவாகப் பிசைந்துகொண்டே தங்கையின் தட்டை மட்டும் பார்த்தார். சங்கீதா பெரிய பெரிய கவளமாக எடுத்தாள்.

"வயிறுலாம் நல்லா இருக்குதாம்மா?"

"கல்லத் துன்னாலும் செரிக்கும் அத்த."

"அப்ப இன்னும் கொஞ்சம் போட்டுக்க."

போட்டுக்கொண்டாள். அதையும் முடித்தாள். "மீனு வாங்கிக்கறியா?" வாங்கிக்கொண்டாள். மூன்றாவது முறை அவளே, "அம்மா, சோறு வை" என்று கேட்டாள். மெலிந்த பெண். வழக்கமாக அவள் கொஞ்சமாகச் சாப்பிடுவதைப் பார்த்து அம்மா திட்டுவாள். அம்மா கரண்டி நிறைய அள்ளிப் போட்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வயிற்றுக்கான பரீட்சையை அவள் எழுதிக்கொண்டிருந்தாள்.

இருவரும் கை கழுவினார்கள். "உப்பு கம்மி" என்றார் ஏழுமலையின் மனைவி, துண்டில் துடைத்துக்கொண்டே. "மத்தபடி நல்லா இருந்துச்சு." பிறகு அம்மாவைப் பார்த்து, சாதாரணமாக, "பந்தக்கால் என்னைக்கு நடறீங்க? அவுரு கேட்டுகினு வரச் சொன்னாரு" என்றார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நாளைச் சொன்னாள். தனலட்சுமி அத்தை அவள் தோளில் தட்டினார். பேச்சு, சிரிப்பு, வெற்றிலை. ஆட்டோ போய் மறையும் வரை அப்பா கும்பிட்ட கையை இறக்கவில்லை.

சங்கீதாவைக் காணவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குளியலறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தாள். தின்ற அத்தனையும் வெளியே வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் நெற்றியைப் பிடித்துக்கொண்டேன்.

"மூணு ஆளு சோறு துன்னா யாருக்குத்தான் வராது" என்றாள் வாயைக் கொப்பளித்துவிட்டு. "அம்மாகிட்ட சொல்லாத."

"இதுக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

அவள் சொம்பில் இருந்த தண்ணீரை மெதுவாகக் கீழே ஊற்றினாள். "போண்ணா. போய் பந்தல்காரனுக்குச் சொல்லு. மொதல்ல அதப் பாரு."

7

கல்யாணம் நன்றாக நடந்தது. ஏழுமலை பந்தியில் நின்று எல்லாரையும் விசாரித்தார். என்னைப் பார்த்ததும், "தம்பிக்கு வடை வைக்காதீங்கடா" என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினார். நான் விடுமுறை முடிந்து திரும்பி வந்தேன். ஆலோசகரும் கடற்கரையிலிருந்து திரும்பியிருந்தாள். நிறுத்தியதை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கோதுமை ஒன்றும் செய்யவில்லை. பூண்டுக்குக்கூட வயிறு சும்மா இருந்தது. நேற்றுப் பாலின் முறை, அதனால்தான் கேக்கைத் தொடவில்லை; அதில் பழமும் இருந்தது, ஒரே நேரத்தில் இரண்டைச் சேர்த்தால் வம்பு பண்ணுவது எது என்று தெரியாது. என் வயிற்றைப் பற்றிய பயம் எனக்கு ஏறக்குறையப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கீதாவிடம் பேசுவேன். சாப்ட்டியா என்பேன். ம், சாப்ட்டேன் என்பாள். ஒத்துக்குச்சா என்று கேட்டால் ஒரு நொடி இடைவெளி விட்டு, "நான் நல்லா இருக்கேண்ணா, நீ எப்படி இருக்க" என்பாள். அந்த இடைவெளி எனக்குத் தெரியும். நான் இளைத்துக்கொண்டே போன அந்த ஒரு வருடம் முழுக்க, போனில் அம்மா கேட்கும்போதெல்லாம் நான் விட்டது அதே இடைவெளிதான்.

இந்த ஞாயிறு அவளிடம் பேசி முடித்ததும் மணிகண்டனைத் தனியாக அழைத்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் மழை, வேலை என்று எதையெதையோ கேட்டேன். அவனே சொன்னான்.

"தெரியும் மச்சான். சாப்புட்டா நிக்க மாட்டேங்குது. நீங்க நெனைக்கற மாதிரி நல்ல சேதி இல்ல, அதையும் பாத்துட்டோம். உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு என் தலையில அடிச்சி சத்தியம் வாங்கியிருக்கா."

"டாக்டர்கிட்ட..."

"புதன்கிழம கூட்டிகினு போறேன். கொழா வுட்டுப் பாக்கணுமாம். கம்பெனியில லீவு சொல்லிட்டேன். பெரியப்பாகிட்ட மாத்திரம் வாயத் தொறந்துடாதீங்க மச்சான். முடிவு வந்தப்பறம் நான் பாத்துக்கறேன்."

சரி என்றேன். அவளைத் தனியாக உள்ளே அனுப்ப வேண்டாம், டாக்டர் என்ன சொன்னாலும் புரியும் வரை திரும்பத் திரும்பக் கேளுங்கள், சும்மா தலையாட்டிவிட்டு வராதீர்கள் என்றேன். சரி மச்சான் என்றான்.

இன்று செவ்வாய்க்கிழமை.